ஸ்பாட்டிலிருந்து திரும்பிய பிறகு: போரும் பேரிடரும் எழுதும் செய்தியாளர்களுக்கு ஒரு கையேடு

2007-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவு தெரியும்போது தெருமுனையில் நிற்கிறேன், காலில் செருப்பு இல்லை, சட்டை வேர்வையில் நனைந்திருக்கிறது, எதிர்வீட்டுப் பெரியவர் தோளைப் பிடித்து "என்ன தம்பி, என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். தொட்டியில் அம்மா போட்டது பிளீச்சிங் பவுடர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நான் சுற்றிய நாட்களில் எங்கே போனாலும் அந்த வாசனைதான்: உடல்களைப் புதைத்த குழிகளின் மேல், ஆஸ்பத்திரி வாசலில், எங்கள் செருப்பில், கையில் வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலத்தில்கூட.

இடையில் இரண்டரை வருடம் ஓடியிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் கெட்டதற்கு நைட் ஷிப்டைக் காரணம் சொன்னேன், வீட்டில் எரிந்து விழுந்ததற்கு வேலைச் சுமையைச் சொன்னேன், கடற்கரைப் பக்கமே போகாததற்கு நேரமில்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "இந்த வேலைக்கு மனசு கல்லா இருக்கணும்பா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவருடைய மூத்தவர் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஆனால் அந்த ஒரு வரியால் நான் டாக்டரிடம் போவது இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனது. உங்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். போர், கலவரம், சுனாமி, குண்டுவெடிப்பு, துப்பாக்கிச்சூடு என்று எதை எழுதுபவராக இருந்தாலும், அந்தக் காட்சிகளை டெஸ்க்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுபவராக இருந்தாலும் இது உங்களுக்குத்தான்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆங்கிலச் சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். இங்கே புத்தகங்களில் "அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு" என்று நீளமாக எழுதுவார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் "மனவடு" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். வடு என்றால் மேலே காயம் ஆறிய அடையாளம், ஆனால் தொட்டால் உள்ளே இன்னும் வலிக்கும்.

படைவீரர்களுக்கு இப்படி ஒன்று வரும் என்று முதல் உலகப் போர்க் காலத்திலேயே, 1915-ல், மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இன்றைய பெயரோடு இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் படைவீரர்களுக்குப் பக்கத்திலேயே கேமராவும் நோட்டுமாக நின்றவர்களைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு வர 2002 ஆகிவிட்டது. டொராண்டோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆந்தனி ஃபைன்ஸ்டைன் 140 போர்ச் செய்தியாளர்களையும், போர்முனைக்கே போகாத 107 செய்தியாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். போர்ச் செய்தியாளர்களில் விரிவாக நேர்காணல் செய்யப்பட்டவர்களில் 28.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனவடு நோய் இருந்திருக்கிறது, 21.4 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு. என்னை உலுக்கியது இன்னொரு முடிவு: இவ்வளவு பாதிப்பு இருந்தும், மற்ற செய்தியாளர்களைவிட இவர்கள் அதிகமாகச் சிகிச்சைக்குப் போகவில்லை.

இதே எண்ணைத் திருப்பியும் படியுங்கள். பத்தில் ஏழு பேருக்கு இந்த நோய் வரவில்லை. ஸ்பாட்டுக்குப் போன எல்லோரும் உடைந்துபோவதில்லை, போனால் கட்டாயம் வரும் என்று பயப்பட வேண்டாம். வந்தால் அது வேலையில் பட்ட காயம், பட்டறையில் விரல் நசுங்குவது மாதிரி. விரல் நசுங்கியவனைப் பார்த்து நீ கோழை என்று யாரும் சொல்வதில்லை.

எப்படித் தெரியும்?

பாடப்புத்தகத்தில் நான்கு வகையாகப் பிரித்திருப்பார்கள், நான் நம் அலுவலகங்களில் பார்த்த மாதிரியே சொல்கிறேன். காட்சி திரும்பி வரும். நாம் நினைத்துப் பார்ப்பது வேறு. இது தானாக, கேட்காமல், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பைக் ஓட்டும்போது, இப்போது நடக்கிற மாதிரியே வரும். கனவிலும் வரும். அடுத்தது ஒதுங்கல்: அந்த ஊர்ப் பக்கம் போகாமல் இருப்பது, அந்த நாள் வருகிறபோது லீவு போடுவது, அந்த அசைன்மென்ட்டில் கூட வந்த கேமராமேனின் போனை எடுக்காமல் இருப்பது. அப்புறம் எப்போதும் விறைப்பு: தீபாவளி வெடிக்குத் தூக்கிப்போடும், ஹோட்டலில் வாசலைப் பார்த்தபடிதான் உட்கார முடியும், சின்ன விஷயத்துக்குக் கை ஓங்கிவிடுவோம். கடைசியாக மரத்துப்போதல். என் நண்பன் ஒருவன் சொன்னான், "என் பொண்ணு பிறந்தநாள்ல கேக் வெட்டுறா, எல்லாரும் கைதட்டுறாங்க, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கிற மாதிரி இருக்கு."

இன்னொன்று புத்தகங்களில் அவ்வளவாக இருக்காது, நம் தொழிலில் நிறைய உண்டு. வீட்டில் இருப்புக் கொள்ளாது, அடுத்த குண்டு வெடித்தவுடன் "நான் போறேன் சார்" என்று முதல் ஆளாகக் கை தூக்குவார்கள். ஸ்பாட்டில் மட்டும்தான் அவர்களுக்குத் தான் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆசிரியர்களுக்கு இப்படிப்பட்டவரை ரொம்பப் பிடிக்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தொடர்ந்து மூன்றாவது பேரிடருக்குத் தானாக முன்வருபவரை ஒரு நிமிடம் உட்கார வைத்து எப்படித் தூங்குகிறார் என்று கேளுங்கள்.

மது தனி அடையாளம். தூங்குவதற்காகக் குடிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு உதவி தேவைப்படும் நேரம் வந்துவிட்டது.

சரி, இதெல்லாம் முதல் சில நாட்களில் யாருக்கும் இருக்கும். பயங்கரமானதைப் பார்த்தவருக்கு மூன்றாம் நாள் தூக்கம் வராமல் இருப்பது நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். கணக்கு ஒரு மாதம். ஒரு மாதம் தாண்டியும் இவை நிற்கவில்லை, வேலையையும் வீட்டையும் பாதிக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து முழுசாகத் தலைதூக்குவதும் உண்டு, எனக்கு வந்தது அப்படித்தான். அதனால் தேதி தள்ளிப்போய்விட்டது, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்

பவர் பேங்க், ரெயின்கோட், பிரஸ் கார்டு எல்லாம் எடுத்துவைக்கிறோம். அதோடு இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "தினமும் ராத்திரி உனக்கு ஒரு நிமிஷம் போன் பண்ணுவேன், செய்தி சொல்ல இல்ல, நான் எப்படி இருக்கேன்னு சொல்ல" என்று பேசி வையுங்கள். இரண்டு, எத்தனை நாள், யார் வந்து மாற்றுவார்கள் என்பதை அலுவலகத்தில் கேட்டு வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். முடிவு தெரியாமல் நிற்பதுதான் ஆளை அதிகம் அரிக்கும். முதலுதவிப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. பின்னாளில் நம்மைக் குத்துவதில் பாதி அப்படிச் செய்வதறியாமல் நின்ற நிமிடங்கள்தான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவு, பிரிவு, பெரிய சண்டை என்றால் இந்த முறை வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாத அலுவலகங்கள் இருக்கின்றன, தெரியும். அப்போது நாட்களையாவது குறைத்துக் கேளுங்கள்.

ஸ்பாட்டில்

பார்க்கத் தேவையில்லாததைப் பார்க்காதீர்கள். இது சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் உண்மையான தொழில் ஒழுக்கம் இது. உடல்களின் எண்ணிக்கை ஆஸ்பத்திரியிலும் காவல் துறையிலும் கிடைக்கும், துணியை விலக்கிப் பார்த்து எண்ண வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். டெல்டாவில் வேலை பார்த்த எங்களில் பலர் அங்கே போய்விட்டு வந்து, ஐந்தே மாதத்தில் நாகப்பட்டினத்தில் நின்றோம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். கும்பகோணத்தில் தேவையில்லாமல் பார்த்த ஒரே ஒரு காட்சி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. நான் எழுதிய எந்தச் செய்திக்கும் அது பயன்படவில்லை.

வாசனைக்காக மூக்கில் வீட்டிலிருந்து கொண்டுபோன தைலத்தையோ சென்ட்டையோ தடவாதீர்கள். உடல்களை மீட்கும் பணியாளர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதுதான் இது. அந்த மணமும் காட்சியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சில் தைலம் தேய்க்கும்போது நீங்கள் திரும்ப அங்கே போய் நிற்பீர்கள். வெறும் முகக்கவசம் போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அத்தனை பேர் பட்டினியாக இருக்கும் இடத்தில் சாப்பிடக் கூச்சமாக இருக்கும், வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான்கு மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

உயிர் பிழைத்தவர்களிடம் பேசும் முறையும் இதில் அடக்கம். "உங்க வீட்டுல எத்தனை பேர் போயிட்டாங்க?" என்று மைக்கை நீட்டுகிற அந்த நிமிடம் அவர்களையும் காயப்படுத்தும், அப்புறம் வருடக்கணக்கில் நம்மையும். உட்காருங்கள், பெயரைச் சொல்லுங்கள், பேச விருப்பமா என்று கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், அழுதால் கேமராவை இறக்குங்கள். இப்படி நடந்துகொண்டவர்களுக்குக் குற்றவுணர்வு இல்லாமல் போகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைவாக இருக்கும், அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

குற்றவுணர்வு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயத்தால் வரும் காயம் வேறு, "நான் படம் எடுத்தேன், தூக்கிவிடவில்லை" என்ற நினைப்பால் வரும் காயம் வேறு. இரண்டாவதை அறக்காயம் என்று சொல்லலாம். 2015-ல் அகதிகள் படகு படகாக ஐரோப்பாவுக்கு வந்தபோது அதை எழுதிய செய்தியாளர்களிடம் இது பெரிதாகக் காணப்பட்டதாக ஃபைன்ஸ்டைன் குழுவினர் 2017-ல் எழுதினார்கள். முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: வேறு யாரும் இல்லை, என்னால் முடியும் என்றால் உதவுவேன், உதவிக்கு ஆள் இருந்தால் என் வேலையைச் செய்வேன். ஸ்பாட்டில் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

அங்கேயே வாழ்பவர்களுக்கு

இதுவரை சொன்னது போய்விட்டுத் திரும்பக்கூடியவர்களுக்கு. 2009-ல் வன்னிக்குள் இருந்த தமிழ்ச் செய்தியாளர்களுக்குத் திரும்ப இடம் எது? சுயேச்சையான செய்தியாளர்கள் யாரையும் போர்ப் பகுதிக்குள் இலங்கை அரசு விடவில்லை, உள்ளே இருந்தவர்கள் தாங்களும் பங்கரில் படுத்து, தங்கள் குடும்பத்தையும் இழுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தபடியே படமும் செய்தியும் அனுப்பினார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவின் செய்தியாளர்கள் நிலையும் இதேதான், கூடாரத்தில் தங்கி, சொந்த உறவினரின் சாவைச் செய்தியாக வாசித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "லீவு எடு, இயற்கையை ரசி" என்று சொல்வது அவமானப்படுத்துவது போல. ஆபத்து முடியாத இடத்தில் "பிந்தைய" என்ற சொல்லே பொருந்தாது.

அவர்களுக்குப் பயன்படுவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். இருவர் இருவராகச் சேர்ந்து வேலை செய்வது, ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பது. ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது போனை அணைத்துவைத்து, செய்தியாளர் என்பதை மறந்து, தண்ணீர் பிடிக்கவோ பிள்ளைக்குத் தலை வாரவோ செய்வது. வெளியே இருக்கும் டெஸ்க்காரர்கள் செய்யக்கூடியது: "இன்னொரு ஆங்கிளில் படம் அனுப்ப முடியுமா" என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டார்களா என்று கேட்பது, பணத்தை அன்றே அனுப்புவது, செய்தியில் தங்கள் பெயர் (பைலைன்) வேண்டுமா வேண்டாமா என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்வது.

திரும்பி வந்த முதல் நாட்கள்

முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். வழியில் அரை நாள் எங்கேயாவது தங்கிக் குளித்து, துணியைத் தனியாகக் கட்டி வைத்து, ஒரு வேளை சூடாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போங்கள். கூட வந்தவர்களோடு வேனிலேயே பேசுங்கள், அவர்களிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் பேசப் பிடிக்காதவரைப் பேச வைக்காதீர்கள். சம்பவம் முடிந்தவுடனே எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து "பார்த்ததையெல்லாம் கொட்டுங்க" என்று ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டியபின், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே அதைச் செய்யாதீர்கள் என்கிறது.

முதல் இரண்டு வாரம் குடிக்காதீர்கள். உங்கள் பெயர் வந்த செய்தியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். நடங்கள், நீந்துங்கள், பூப்பந்து ஆடுங்கள், உடம்பு களைக்கட்டும். இன்னொரு சின்ன விஷயம்: ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட சோதனையில், கொடூரக் காட்சிகளைப் பார்த்த அரை மணி நேரத்தில் டெட்ரிஸ் என்ற வீடியோ கேம் விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் காட்சிகள் திரும்பி வருவது குறைவாக இருந்தது. கட்டங்களைப் பொருத்தும் வேலை கண்ணின் நினைவை வேறு பக்கம் இழுத்துக்கொள்கிறது. மருந்து என்று நினைக்க வேண்டாம், ஆனால் வேனில் திரும்பும்போது ரீல்ஸ் பார்ப்பதற்குப் பதிலாக அதை விளையாடலாம், செலவில்லை.

டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு

நீங்கள் களத்துக்கே போகவில்லை, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கென்ன என்று பிறர் நினைப்பார்கள், நீங்களும் அப்படியே நினைப்பீர்கள். 2009-ன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியிலிருந்து மின்னஞ்சலில் வந்த படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சென்னை, லண்டன், டொராண்டோ டெஸ்க்காரர்கள் எத்தனையோ பேர் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஈழத்தைச் சேர்ந்தவராக இருந்தால், பிரசுரிக்கக்கூடிய படத்தைத் தேடுவதோடு தன் சொந்தக்காரர் முகம் அதில் இருக்கிறதா என்றும் தேடிக்கொண்டிருந்தார். அது களம் இல்லையென்றால் வேறு எது களம்?

மருத்துவமும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2013-ல் வந்த அமெரிக்க நோய்ப் பட்டியல், திரையில் பார்ப்பதால் மனவடு வராது என்ற பொது விதிக்கு ஒரே ஒரு விலக்கு தருகிறது: வேலைக்காகப் பார்ப்பவர்கள். ஃபைன்ஸ்டைன் 2014-ல் செய்தி அறைகளில் வேலை செய்யும் 116 பேரை ஆராய்ந்தபோது, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை முறை பார்த்தார்கள் என்பதுதான் அதிகம் பாதித்தது. வாரத்தில் ஒரு நாள் நீளமாகப் பார்ப்பவரைவிட, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதனால் வேலை முறையை மாற்றுங்கள். ஒரே ஆளிடம் எல்லா ஃபுட்டேஜும் போகக் கூடாது, நாள் மாற்றி நாள் ஆள் மாறட்டும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், "விஷுவல் 3" என்று வைத்தால் அடுத்தவர் தயாராக இல்லாமல் திறப்பார். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். படத்தைவிட அலறல்தான் ஆழமாகப் பதியும், பலரும் சொல்வது அது. திரையைச் சின்னதாக்குங்கள், ஆட்டோ பிளேவை நிறுத்துங்கள், எடிட் செய்யும்போது கொடூரமான இடத்தை ஒரு கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். இடம், தேதி சரிபார்க்க உடலைப் பார்க்க வேண்டாம், பின்னால் இருக்கும் கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பாருங்கள். ராத்திரி கடைசி ஒரு மணி நேரம் இப்படி எதையும் பார்க்காதீர்கள். வாட்ஸப்பில் படங்கள் தானாக இறங்கி கேலரியில் உட்காருவதை இன்றைக்கே நிறுத்துங்கள், குழந்தை உங்கள் போனை எடுக்கும்.

ஒரு மாதம் தாண்டிவிட்டதா?

டாக்டரிடம் போங்கள். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்ற பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, அங்கே தினமும் வெளிநோயாளிகளாக வந்துபோகிறவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926, கனடாவில் 988, பிரிட்டனில் 116 123. செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், அன்றே பேசுங்கள்.

முதல் சந்திப்பில் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் போவதில்லை. "தூக்கம் வரலை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரை எழுதிவிட்டு அனுப்பிவிடக்கூடும். இப்படிச் சொல்லுங்கள்: நான் செய்தியாளர், இந்தத் தேதியில் இன்ன இடத்தில் இதைப் பார்த்தேன், அதிலிருந்து இந்த மூன்று பிரச்சினை, இத்தனை வாரமாக. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள், நமக்கு எழுத வரும்தானே. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சிகிச்சை இரண்டு பக்கமாக நடக்கும். பேச்சு வழிச் சிகிச்சையில், அதிர்ச்சியை நேராகக் கையாளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒன்று. நடந்ததை மெல்ல மெல்ல, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து, முழுசாகச் சொல்லப் பழக்குவார்கள், ஒதுங்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போக வைப்பார்கள். வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். இன்னொன்று இ.எம்.டி.ஆர்., அந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடரும் முறை. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் இந்த இரண்டையுமே பரிந்துரைத்தது. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்றவற்றைத் தருவார்கள், வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நான்கு நாளில் நிறுத்திவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவரிடம் சீட்டில்லாமல் அல்ப்ராஸோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அது மனவடுவை ஆற்றாது, பழக்கமாகிவிடும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.

எனக்குக் கடற்கரையில் காலை நனைக்கப் பதினோரு அமர்வுகள் ஆயின. பிளீச்சிங் பவுடர் வாசனை இன்னும் பிடிக்காது, ஆனால் இப்போது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று கவலைப்படுபவர்களுக்கு: 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தியாவில் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும் என்றும் சொல்கிறது. வெளிநோயாளிச் செலவு உங்கள் பாலிசியில் உண்டா என்று மட்டும் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

துருவித் துருவிக் கேட்காதீர்கள், "எல்லாம் மறந்துடு" என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நம்ம வீட்லதான் இருக்கீங்க" என்று சொல்லுங்கள். கை ஓங்கினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய் ஒரு காரணம்தான், உங்கள் பாதுகாப்பு முதலில்.

ஆசிரியர்களுக்கும் சீஃப்களுக்கும்

மெல்போர்னில் ஒரு நாளிதழின் குற்றச் செய்தியாளர், பல வருடம் கொலைகளை எழுதிப் பாதிக்கப்பட்டு, அங்கிருந்து மாற்றப்பட்டு நீதிமன்றச் செய்திக்குப் போனார். அங்கேயும் கொலை வழக்குகள்தான். 2019-ல் அந்த ஊர் நீதிமன்றம், நிர்வாகம் அவரைப் பாதுகாக்கத் தவறியது என்று சொல்லி 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கியது. நம் ஊரில் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், ஸ்ட்ரிங்கருக்கு, அதாவது செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஊர்ச் செய்தியாளருக்கு, நியமனக் கடிதமே இருக்காது. அதனால்தான் பொறுப்பு முழுவதும் உங்களிடம் வந்து சேர்கிறது. முதலில் ஸ்பாட்டுக்குப் போவது அந்த ஸ்ட்ரிங்கர், கடைசியாகத் திரும்புவதும் அவர், அவருக்குத்தான் லீவும் காப்பீடும் கிடையாது. நான்கு நாள் களத்தில் நின்றவருக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். ஸ்பாட்டிலிருந்து வந்தவரிடம் மறுநாளே இன்னொரு சாவு வீட்டுச் செய்தியைக் கொடுக்காதீர்கள். முடியவில்லை என்று வந்து சொன்னவரின் பீட்டை (அவர் வழக்கமாக எழுதும் துறையை) அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள், அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார், பார்க்கிற மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், மேசையில் இருக்கும் தினசரி காலண்டரை எடுத்து, சம்பவ நாளிலிருந்து முப்பது நாள் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். ஆறு மாதம் தள்ளி இன்னொன்று. போனவர்களின் பெயரை அதில் எழுதுங்கள், டிரைவர் பெயரையும் சேர்த்து. அந்த நாட்களில் ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் போட்டு, செய்தி எதுவும் கேட்காமல், "தூக்கம் வருதாப்பா?" என்று கேளுங்கள். "வருது சார்" என்று உடனே சொல்வார். போனை வைத்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்.